பின்பக்க அறையில் பாக்கு மணம்

அண்ணை செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமையே அவருடைய அறையில் பாக்கு மணக்கத் தொடங்கிவிட்டது.

நான் பேய் பிசாசுக்குப் பயந்தவனில்லை. லண்டனில் வருடக்கணக்காக பஸ் ஓட்டிய எனக்கு, உயிரோடு இருக்கிற சனத்தைச் சமாளித்ததே போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் மணத்தோடு வாதாட முடியாது. ஒவ்வொரு பின்னேரமும் தேத்தண்ணி நேரத்துக்கு அது அந்தப் பின்பக்க அறையில் வந்து நிற்கும். காய்ந்த கொட்டைப்பாக்கைச் சீவும்போது வருகிற அதே மணம். அதற்கு அடியில் மழையில் நனைந்த மரத்தின் மணம். கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

அண்ணை கலியாணம் கட்டாமல் கிங்ஸ்பரியில் எங்களோடேயே இருந்தவர். எந்நேரமும் வாயில் பாக்கு. வாய்க்குள் வெள்ளைப் படலம் கண்டு டாக்டர் வெருட்டிய பிறகு, என் மனைவியின் கையில் அடித்துச் சத்தியம் பண்ணி அதை விட்டார். புற்றுநோய்க்குப் பயந்து பாக்கை விட்டவரை மாரடைப்பு வந்து கொண்டுபோனது.

செத்தவீடு முடிந்ததும் மனைவி அவருடைய கோப்பை, தட்டு, கட்டில் சட்டம் எல்லாவற்றையும் கொதிதண்ணி விட்டு உரஞ்சிக் கழுவினாள். துடக்கு, எச்சில் விஷயத்தில் அவள் யாரையும் நம்பமாட்டாள். மணம் தொடங்கிய பிறகு கார்பெட்டைக்கூட மாற்றினோம். மணம் போகவில்லை.

"பெரியத்தான் இன்னும் போகேல்லை," என்றாள். "பாக்கை விடப்பண்ணினது நான்தானே. அந்த ஆசையோட அலையிறார்."

"விசர்க்கதை கதையாதை," என்றேன். ஆனால் பின்னேரமானால் நானும் அந்த அறைக் கதவடியில்தான் நிற்பேன். பயமும் இருந்தது, வந்துவிட மாட்டாரா என்ற ஆசையும் இருந்தது. எது கூட என்று கேட்டால் ஆசைதான்.

ஐயரைக் கூப்பிட்டு சாந்தி செய்தோம். வீடு முழுக்கச் சாம்பிராணி. ஐயர் தட்சணையோடு போனார். அடுத்தநாள் பின்னேரம் மணம் வந்தது. மனைவி பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டாள்.

"ஒண்டில் இந்த மணம் போகவேணும், இல்லாட்டி நான் போகவேணும். ஃபாரஸ்ட் கேட்டில தங்கச்சி வீட்டை போய் இருக்கிறன். என்னாலை இனி ஏலாது."

அண்ணையையும் இழந்து அவளையும் இழக்கிற நிலை. அன்று மணம் வந்ததும் கதவைத் திறந்து உள்ளே போனேன். அடைத்துப் பலகை வைத்த, குளிர்காய்கிற பழைய நெருப்படுப்புப் பக்கத்தில்தான் அது கூடுதலாக இருந்தது. முழங்காலில் இருந்து பலகையில் காதை வைத்தேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல், மிக மெதுவாக:

"அண்ணே."

ஒரு நிமிடம் எழும்பவே முடியவில்லை. எழும்பிய பிறகுதான் மூளை வேலை செய்தது. எங்களுடையது ஒட்டு வீடு; நடுச்சுவரும் புகைபோக்கியும் இரண்டு வீட்டுக்கும் பொது. அந்தச் சுவருக்கு அப்பால் குடியிருப்பவர் மனைவியை இழந்த ஒரு சீனக் கிழவர். குப்பைத்தொட்டி வைக்கும்போது தலையாட்டுவதைத் தவிர அவரோடு எனக்குப் பழக்கமில்லை.

அவர் கதவைத் திறந்ததும் அந்த மணம் முகத்தில் அடித்தது. மேசையில் ஒரு கறுத்த மண் கேத்தல், இரண்டு சின்ன மண் கோப்பைகள். ஒன்று வெறுங்கதிரைக்கு முன்னால், ஆவி பறக்க இருந்தது.

"நீங்கள் அண்ணேயின் தம்பி," என்றார் ஆங்கிலத்தில். அவர் மலேசியாவில் ஈப்போ பக்கம் பிறந்தவர். அங்கே தமிழ் ஆட்களை அண்ணே என்று கூப்பிடுவார்களாம்.

நடந்துவிட்டு வாறன் என்று தினமும் பின்னேரம் வெளிக்கிட்ட அண்ணை, பார்க்குக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். பாக்கை விட்டவருக்குப் பாக்கு மணக்கிற தேநீர் கிடைத்திருக்கிறது. அவர் இருக்கும்வரை முன்னறையில்தான் குடித்தார்களாம்; அவர் போன பிறகுதான் கிழவர் மேசையை அண்ணையின் அறைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தாராம்.

லியு பாவ் என்று அதற்குப் பெயர். தென்சீனத்து மலைத் தோட்டங்களின் இலையை அவித்து, மூங்கில் கூடையில் அமத்தி, ஆற்று வழியாகவும் கப்பலிலும் மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்களுக்கு அனுப்புவார்களாம். வெக்கையிலும் ஈரத்திலும் வேலை செய்த சீனக் கூலிகளுக்கு அதுதான் தண்ணீர், அதுதான் மருந்து. சுரங்கங்கள் மூடிய பிறகு களஞ்சியங்களில் கிடந்த கூடைகள் பழசாகப் பழசாகப் பாக்கு மணம் பிடித்தன. அப்படி ஒரு கூடை அவர் தகப்பனிடமிருந்து அவருக்கு வந்தது.

முதல் தண்ணி இலையைக் கழுவவாம், அப்படியே வெளியே ஊற்றினார். இரண்டாவதைத் தந்தார். பாலுமில்லை, சீனியுமில்லை. இரத்தச் சிவப்பு. மண்ணும் பழைய மரப்பெட்டியும் கலந்த ருசி, கசப்பே இல்லை. விழுங்கிய பிறகு அடிநாக்கில் பாக்கு எழும்பியது. அண்ணை பக்கத்தில் இருந்து கதைத்தது போல இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"செத்தவர்களுக்கு ஊற்றி வைப்பது எங்கள் வழக்கம்," என்றார். "உங்களுக்குக் கஷ்டமென்றால் நிறுத்திவிடுகிறேன்."

நான் மிச்சத்தைக் குடித்துவிட்டு எழும்பினேன்.

மனைவியிடம் வந்து சொன்னேன். கொதித்தாள். "நாங்கள் இஞ்சை ஐயரை வைச்சு அனுப்புறம், அந்தாள் அங்கையிருந்து கூப்பிட்டுக்கொண்டு இருக்கிறாரே! நிப்பாட்டச் சொல்லுங்கோ." நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அடுத்தநாளும் அதையேதான் சொன்னேன். பெட்டி கட்டிலிலேயே இருந்தது. ஆனால் அவள் போகவில்லை. பின்னேரங்களில் அந்த அறையில் போய் இருக்கத் தொடங்கினாள். கேட்டால் உடுப்பு மடிக்கிறாளாம்.

ஒருநாள் வெளியே இருட்டிக்கொண்டு வந்தபோது அந்த அறையை விட்டு எழும்பி வந்தாள்.

"இண்டைக்கு மணம் வரேல்லை. ஏனெண்டு போய்ப் பாருங்கோ."

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். கிழவர் நன்றாகத்தான் இருந்தார். வெறும் மூங்கில் கூடையைச் சரித்துக் காட்டினார். நேற்று ஊற்றியது கடைசி. அண்ணையின் கோப்பையை ஒரு பேப்பரில் சுற்றி என் கையில் தந்தார். சோப்புப் போட வேண்டாம், இந்த மண் தேநீரைக் குடித்து வைத்திருக்கும் என்றார். அண்ணை வாய்வைத்த நாளிலிருந்து அதற்கு ஒருநாளும் சோப்புப் போட்டதில்லை.

மனைவி அதை வாங்கி மூக்கில் வைத்தாள். வெகுநேரம் மூக்கை விட்டு எடுக்கவில்லை. கழுவத்தான் கொண்டுபோகிறாள் என்று நினைத்தேன். தண்ணீர்க் குழாய் திறபடுகிற சத்தம் கேட்கவில்லை. எச்சில் கையால் சாமித்தட்டைத் தொட என்னை ஒருநாளும் விடாதவள், அந்தக் கோப்பையைக் கழுவாமல் கொண்டுபோய்ச் சாமி விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.