ஈஸ்வரியக்கா தனியாகப் போகிறாள்

என் அக்கா ஜெகதீஸ்வரி ஒரு வாயில்லாப் பூச்சி. யார் என்ன கேட்டாலும் "சரி லா" என்பாள். நான் அப்படியில்லை. எனக்கு மூக்குக்கு மேலே கோபம். அம்மா போன பிறகு என்னையும் தம்பி குணாளனையும் வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அவள் கையில் வளர்ந்த கோகிலாவா இப்படி என்று பினாங்கு ஜெலுத்தோங் ஃபிளாட்டில் என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட எல்லாரும் கேட்பார்கள். ஒரு வீட்டில் ஒருத்தியாவது சத்தம் போட வேண்டாமா?

நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தோம். அக்கா கல்யாணப் பேச்சுக்கே இடம் கொடுக்காமல் புக்கிட் தெங்காவில் ஓர் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் சேர்ந்தாள். அங்கேயே தலை நரைத்தாள். வீடு தீவில், வேலை அக்கரையில் என்பதால் பினாங்குப் பாலத்தை அவள் அளவுக்குக் கடந்தவர்கள் குறைவு. ஆனால் எல்லாம் ஃபேக்டரி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்தது. என் வீட்டுக்காரர் தவறிய பிறகு நானும் அவளோடுதான் இருக்கிறேன். குணாளன் பக்கத்து புளோக்கில் குடும்பத்தோடு இருக்கிறான், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான்.

போன வருடம் அக்கா ஓய்வு பெற்றாள். சரி, இனிமேல் காலை நீட்டி உட்காருவாள் என்று நினைத்தேன். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய நீலப் பை கிடந்தது. பிள்ளைகள் முதுகில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவார்களே, அந்த மாதிரிப் பை.

"யாரோடது இது?"

"ஹனாவோடது. இரவல் வாங்கினேன்," என்றாள் அக்கா. ஹனா, அக்காவோடு வேலை செய்த சித்தி ஹாஜரா என்ற மலாய்க்காரத் தோழியின் மகள். கெலுகோர் யுனிவர்சிட்டியில் படிக்கிற பெண். "நான் தாய்லாந்து போறேன்."

"யார் கூட?"

"யார் கூடயும் இல்ல."

எனக்குத் தலை சுற்றியது. அக்காவோ கடகடவென்று சொல்கிறாள். பட்டர்வொர்த்தில் ரயிலேறி, பாடாங் பெசாரில் எல்லை தாண்டி, ஹாட்யாய், அப்புறம் சொங்க்லா, கடைசியில் பத்தாலுங். அங்கே ஓர் ஏரி முழுக்கத் தாமரை பூக்குமாம். விடியற்காலையில் படகில் போய்ப் பார்க்க வேண்டுமாம். ஹனா காட்டிய படத்தைப் பார்த்ததிலிருந்து இந்தப் பைத்தியம் பிடித்திருக்கிறது.

"தங்குற எடத்துல கட்டில் மேல கட்டிலாம், கோகிலா. நான் மேல் கட்டில் கேட்டிருக்கேன்."

அறுபது வயதில் மேல் கட்டில்! நல்லா நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு நினைவு தெரிந்து அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. தங்கமே, போய்ட்டு வா என்று கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. செய்யவில்லை. பையைத் திறந்து பார்த்தேன். ஊறுகாய் போத்தல், தைலம், திருநீறு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்ன ரைஸ் குக்கர்.

"ஏன், தாய்லாந்துக்காரன் சோறு சாப்பிட மாட்டானா?" என்று கேட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டேன். திருநீற்றை மட்டும் விட்டுவைத்தேன். தம்பியிடம் இப்போதைக்குச் சொல்லாதே என்றாள். சொல்லவில்லை.

வினை வேறு பக்கமிருந்து வந்தது. பாரம் சுமந்து படியேறிப் பழக வேண்டும் என்று ஹனா சொல்லியிருக்கிறாள். பினாங்குத் தமிழச்சிக்குப் படி என்றால் வேறு எது? தண்ணீர்மலை முருகன் கோயில்தான். பைக்குள் ஒரு பாக்கெட் அரிசியைத் திணித்துக்கொண்டு காலையில் கிளம்பிவிடுவாள். கோயில் படியாயிற்றே என்று சப்பாத்தைக் கீழேயே கழற்றிவிடுவாள். போட்டிருப்பது ஃபேக்டரியில் கொடுத்த மஞ்சள் டீ-ஷர்ட். நரைத்த தலை, வெறுங்கால், மஞ்சள் சட்டை, முதுகில் பைக்கு வெளியே எட்டிப் பார்க்கும் அரிசிப் பாக்கெட். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒதுங்கி வழி விட்டிருக்கிறார்கள். ஓர் அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, என்ன வேண்டுதல் என்று கேட்டிருக்கிறார். சாமி வாசலில் பொய் சொல்லத் தெரியாமல் அக்கா சிரித்துவிட்டு மேலே ஏறியிருக்கிறாள்.

அதைக் குணாளனின் கூட்டாளி தயாளன் பார்த்துவிட்டான்.

அன்று மத்தியானமே குணாளன் ஓடிவந்தான். ஆள் வாட்டசாட்டமாக இருப்பான். அவன் கதவருகே நின்று சின்னப் பிள்ளைபோல் அழுதான்.

"என்னக்கா ஒனக்கு? டாக்டர் என்ன சொன்னாரு? அரிசி மூட்டைய தூக்கிட்டு மலை ஏறுற அளவுக்கு என்னக்கா வேண்டுதல்? எங்கிட்ட ஏன் மறைச்ச?"

அக்கா பதறிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அலாமாக்! இவ்ளோதானா? அப்ப நாங்களும் வர்றோம் லா. ரயில் எதுக்கு, வேன் இருக்குல்ல?"

அக்கா என்ன சொல்வாள்? "சரி லா" என்றாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை அதிலிருந்து ஆரம்பம். குணாளன் பெண்டாட்டி அதிரா வந்தாள், அவள் அம்மா வந்தார், பிள்ளைகள் வந்தார்கள். தயாளன் குடும்பமும் ஏறிக்கொண்டது. பள்ளி விடுமுறைக்கு நாள் மாறியது. நான் எடுத்துப் போட்ட ரைஸ் குக்கர் போய், கல்யாண வீட்டு அளவில் ஒன்று வந்தது. ஏரி மட்டும் கழன்றுவிட்டது. "ஏரியில என்னக்கா இருக்கு? பூதானே? அத இங்கயே பாத்துக்கலாம்," என்றான் தம்பி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே கார் நிறுத்தும் இடத்தில் அவனைப் பிடித்தேன். "அவ ஆசப்பட்டது தனியா போகணும்னு. ஒனக்கு மண்டையில ஏறலயா?"

"கல்லு மாதிரி தம்பி நான் இருக்கேன். எங்க அக்கா அனாத மாதிரி பைய மாட்டிக்கிட்டு போனா நாலு பேரு என்ன பேசுவாங்க? அவளுக்கு அங்க ஒண்ணுன்னா நான் உயிரோட இருப்பனா?"

அவன் நடிக்கவில்லை. அவன் பாசமும் அவன் வேன் மாதிரிதான். யாரையும் ஏற்றாமல் போகத் தெரியாது.

அக்காவாவது முரண்டு பிடிப்பாள் என்று பார்த்தால், அவள் அந்த வேன் கூட்டத்துக்கு ஓடி ஓடி வேலை செய்தாள். ஹாட்யாயில் பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் உள்ள ஹோட்டலைப் பிடித்தாள். அதிராவின் அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும், வழியில் எங்கே நிறுத்தினால் டாய்லட் சுத்தமாக இருக்கும் என்று ஹனாவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நான் கத்தினேன். "ஒனக்கு ரோஷமே கெடையாதா?" அவள் சிரித்தாள். "பிள்ளைங்க சந்தோசமா இருக்கட்டும், கோகிலா."

கிளம்புகிற காலையும் வந்தது. வேன் கீழே நிற்கிறது. மூத்தவளுக்கு என்று முன் சீட்டில் மெத்தை எல்லாம் போட்டு வைத்துவிட்டுக் குணாளன் மேலே வந்தான். வந்தவன் கையில் வழக்கம்போல ஒரு குவளை கோப்பியைக் கொடுத்துவிட்டு அக்கா அறைக்குள் போனாள். திரும்பி வரும்போது காலில் சப்பாத்து, முதுகில் நீலப் பை.

"நீங்க வேன்ல போங்க தம்பி. எல்லாம் சொல்லி வச்சிருக்கேன், ஒரு கஷ்டமும் இருக்காது. நான் ரயில்ல பத்தாலுங் போறேன்."

அடி கல்லுளிமங்கி! இவ்வளவு நாளும் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டா அவர்களுக்குச் சைவக்கடை தேடினாய்?

குணாளன் முகம் செத்துவிட்டது. "நான் என்னக்கா கொற வச்சேன்?"

"நீ ஒரு கொறையும் வைக்கலடா. நீ நல்ல பிள்ள."

"அப்பறம் ஏன்?"

அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பையின் வாரை இழுத்து இழுத்து விட்டாள். அவள் நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அம்மா செத்த மறுநாள் காலையில எந்திரிச்சு ஒங்க ரெண்டு பேருக்கும் தண்ணி கலக்குனேன். இன்னிக்கும் கலக்கிட்டுதான் வந்தேன். வேன்ல வந்தா அங்கயும் நான்தான் கலக்கணும். பெரிய ஃபிளாஸ்க் எடுத்து வச்சிட்டாங்க, நான் பாத்தேன். ஒங்க மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல, தம்பி. காலையில எந்திரிச்சா யாருக்கும் தண்ணி கலக்க வேணாம்னா அது எப்டி இருக்கும்? ஒரு தடவ பாத்துட்டு வந்துடுறேன்டா."

கோப்பியோ தேத்தண்ணியோ மைலோவோ, எங்களுக்கு எல்லாமே தண்ணிதான். எத்தனை குவளை குடித்திருப்போம், நானும் அவனும். எதற்கெடுத்தாலும் சத்தம் போடுகிற எனக்கு அப்போது அழுகைதான் வந்தது.

குணாளன் கையிலிருந்த குவளையைப் பார்த்தான். அதை மெதுவாக மேசையில் வைத்தான். அடுக்களைக்குள் போனான். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. டின்களைத் திறந்து திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. எதுவோ கீழே விழுந்தது.

"அக்கா, சீனி எங்க இருக்கு?"

அக்கா சட்டென்று எழுந்தாள். நான் அவள் இரண்டு தோள்களையும் பிடித்து அழுத்தினேன்.

"உக்காருக்கா. அவனே தேடட்டும்."

கீழே பிள்ளைகள் வேன் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா முதுகில் பையோடு அடுக்களைப் பக்கமே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.