மூன்று சங்கரபாண்டிகள்

2024 ஆடித்தபசு முடிந்த வாரம், ஷெர்லியின் மேசையில் ஒரு கிராமத்து ரத்தப் பரிசோதனை முகாமில் எடுத்த மூன்று ரத்தக் குழாய்கள் இருந்தன. மூன்றிலும் அவள் கையெழுத்தில் ஒரே பெயர்: சங்கரபாண்டி.

ஷெர்லி பாளையங்கோட்டையில் படித்துவிட்டு சங்கரன்கோவிலில் ஒரு தனியார் லேபில் வேலை பார்ப்பவள். அங்கே ஓர் இயந்திரம் உண்டு. ரத்தத்தை விட்டால் அதிலுள்ள ஹீமோகுளோபின் ரகம் ரகமாகப் பிரிந்து திரையில் கோடாக ஓடும். ரகத்துக்கு ஒரு மேடு. பெரும்பாலானவர்களுக்குப் பெரிய மேடு ஒரே இடத்தில்தான் எழும். பக்கத்தில் இன்னொன்று எழுந்தால் ஷெர்லி சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து பார்ப்பாள். அது பிறவியில் வந்தது; அப்பாவோ அம்மாவோ கொடுத்தது.

அன்று ஒரு சங்கரபாண்டிக்கு அந்த இரண்டாவது மேடு இருந்தது. சிக்கிள் ரகம்; ரத்த அணுவை அரிவாள் மாதிரி வளைக்கிற ரகம். ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. ஆனால் அதே முகாமுக்கு வந்த மூன்று மாதக் கர்ப்பிணி இசக்கிச்செல்விக்கும் அது இருந்தது. அவள் கணவன் பெயரும் சங்கரபாண்டி. இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு அது நோயாகவே வந்துவிடலாம்.

குருவிகுளம் பக்கத்து அந்த ஊரில் முகாம் நடந்தபோது கூட்டம் நெரித்தது. ஷெர்லி பெயரை மட்டும் எழுதி அடுக்கிவிட்டாள். அவள் குடும்பத்தில் ஜஸ்டஸ் என்ற பெயர் ஒரே ஒருவருக்குத்தான். அண்ணன் தம்பி மூவரும் தலைப்பிள்ளைக்குத் தங்கள் அப்பா பெயரையே வைப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

புதுக் குழாய்களோடு அந்த ஊருக்குப் பஸ் ஏறினாள்.

"எந்தச் சங்கரபாண்டி வேணும்? இங்கன ஆடு, டிராக்டர், மோட்டார்னு மூணு உருப்படி கெடக்கோம்," என்றார் ஆடு மேய்ப்பவர்.

"மூணு பேரும் வாங்க அண்ணாச்சி. திரும்ப ரத்தம் எடுக்கணும்."

"அன்னைக்கு எடுத்தத என்ன செஞ்சிய, கொட்டிட்டியளா?"

"கொட்டல. எது யாருதுன்னு தெரியல. தப்பு என்மேலதான்."

மோட்டார் ரிப்பேர் பார்ப்பவன்தான் இசக்கிச்செல்வியின் கணவன். அவன் சட்டைக் கையை மடக்கியபோது ஆட்டுக்காரர் அவனைச் சீண்டினார்: "ஏலே, தாத்தா நிலத்த மட்டும் வித்துத் தின்னுட்டாரு. பேரையும் ரத்தத்தையும் பத்திரமா நமக்கு வச்சிட்டுப் போயிருக்காரு பாரு."

இசக்கிச்செல்வி சிரிக்கவில்லை. "எப்பம்க்கா தெரியும்?"

"நாளைக்கு மத்தியானம். நானே போன் போட்டுச் சொல்லுதேன்."

இந்தமுறை பெயரோடு ஆடு, டிராக்டர், மோட்டார் என்றும் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் ஆட்டுக்காரருக்கு ஒரே மேடு. டிராக்டருக்கும் அப்படியே. மூன்றாவதை ஓட்டாமலே விடை தெரிந்துவிட்டது. ஆனாலும் ஓட்டினாள், இரண்டாவது மேடு எழும்வரை நின்று பார்த்தாள். பிறகு இசக்கிச்செல்விக்குப் போன் போட்டாள்.

"அப்ப பிள்ளைக்குக் கட்டாயம் வந்துருமாக்கா?"

"இல்ல மக்கா. நாலுல ஒரு பங்குதான் வாய்ப்பு. நஞ்சுக்கொடியிலருந்து துளி சதை எடுத்துப் பாத்தா தெரிஞ்சிரும். டாக்டர் எழுதித் தருவாரு."

"சரி, பாத்துருவோம்."

வியாழக்கிழமை காலை கணவனும் மனைவியும் அந்தப் பரிசோதனைக்காக மதுரை பஸ்ஸில் போகிறார்கள்.