வலது கைக்குக் காப்பீடு

சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியில் மிளகு பறிக்கும்போது மூங்கில் ஏணி சறுக்கி விழுந்தேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. வலது கைதான் மரத்துப் போனது. நாமக்கல்லில் பார்த்த டாக்டர், நரம்பு அடிபட்டிருக்கிறது, விடாமல் நீவிவிட்டால் உணர்வு திரும்பலாம், பாதியில் விட்டால் சந்தேகம்தான் என்றார்.

செம்மேட்டில் ஒரு பெண் அறை எடுத்து மசாஜ் செய்துவந்தாள். அதற்கென்றே படித்தவள், என் மகள் வயது. என் வீட்டுக்காரர், வங்கிக் கடனோடு சேர்ந்து வந்த விபத்துக் காப்பீட்டு அட்டையை அவளிடம் நீட்டினார்.

"இதெல்லாம் நான் வாங்கறதில்லீங்க," என்றாள். "கைக்காசு குடுக்கறவங்கன்னா, வைத்தியம் போதும்னு அவங்களே சொல்லுவாங்க. இதுல போதும்னு கம்பெனிக்காரங்க சொல்லுவாங்க."

"கைக்காசு இருந்தா இந்த அட்டையத் தூக்கிட்டு எதுக்கு அம்மிணி வாரோம்?" என்றார் இவர்.

அதுவும் நியாயம்தான். பறிக்க ஆளில்லாமல் மிளகு கொடியிலேயே பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. அவள் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எங்களுக்காக அட்டையை வாங்கிக்கொண்டாள்.

பஸ் பிடித்துப் போய் வந்துகொண்டிருந்தேன். எண்ணெயைச் சூடாக்கித் தோளிலிருந்து விரல்வரை நீவுவாள். யார் கையையோ யாரோ நீவுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன். துக்கமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. ஒருநாள் கட்டைவிரலில் எண்ணெய் சுட்டது. சுடுகிறது என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டது அவள்தான்.

அந்த வாரமே கம்பெனியிலிருந்து போன். "இப்ப எப்படி இருக்கீங்கம்மா?" என்றது ஒரு பெண் குரல். முன்பின் தெரியாதவர்கள் நலம் விசாரித்தால் எங்கள் பக்கத்தில் யாரும் பஞ்சப்பாட்டு பாடுவதில்லை. "நல்லா இருக்கறேனுங்க. நீங்க நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?" என்றேன். கை எப்படி இருக்கிறது என்றாள். "உங்க புண்ணியத்துல பரவால்லீங்க," என்றேன். பேச்சுக்குச் சொன்னது. குணமாகிவிட்டதாக எழுதிக்கொண்டு, இனிமேல் பணம் கிடையாது என்று மசாஜ் செய்கிறவளுக்குச் சொல்லிவிட்டார்கள்.

விஷயம் தெரிந்து இவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "அந்தப் புள்ள அப்பவே வேண்டாம்னுச்சு, கேட்டயா?" என்று என்னைத் திட்டினார். அட்டையை நீட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "நல்லாயிடுச்சுன்னு சொன்னீங்களாமா அக்கா? நெசமாவா?" குரலில் அத்தனை சந்தோஷம். இல்லை என்றால் காசில்லாமல் வரச் சொல்லுவாள். அறை வாடகைக்கே அவள் படும் பாடு எனக்குத் தெரியும்.

"ஆமா கண்ணு, நல்லாயிடுச்சு."

"போனை எந்தக் கையில புடிச்சிருக்கீங்க?"

"சோத்தாங்கையிலதான்," என்றேன், இடது கையில் பிடித்துக்கொண்டு.

அதன்பிறகு நான் போகவில்லை. கட்டைவிரலைத் தவிர கை அப்படியேதான் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான், அழுகை வரவில்லை. அட்டையோடு வருகிறவர்களை அவள் இப்போது திருப்பி அனுப்புவதில்லையாம். "கம்பெனிக்காரங்க போதும்னப்ப நானும் பயந்தேனுங்க, ஆனா அந்தக்காவுக்கு நெசமாவே கை நல்லாயிடுச்சு," என்று வருகிறவர்களிடம் சொல்கிறாளாம்.