மூன்றாவது விசிறி

எதையும் எண்ணாமல் விடமாட்டேன் என்று வீட்டில் என்னைப் பற்றி ஒரு குறை உண்டு. படியேறினால் படியையும், பந்தியில் உட்கார்ந்தால் அப்பளத்தையும் எண்ணுகிறேனாம். எண்ணுகிறேன்தான். ஆனால் இந்தப் பழக்கம் ஒரு கல்யாணத்தையே நடத்திவைத்திருக்கிறது. அதைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்க ஆளில்லை.

இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அப்பா கணக்கப்பிள்ளை. அம்மாவின் தம்பி, என் மாமா, அங்கேயே ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்களுக்குக் கங்காணி. தொழிற்சாலையில் எஞ்சின் பார்க்கும் பிட்டரின் மகளை மாமாவுக்குக் கேட்டுப் போனார்கள். சின்னப் பையனாக இருந்த என்னையும் கூட்டிப் போனார்கள். பிட்டர் அப்பாவைப் பார்த்து மரியாதையாகத்தான் சொன்னார்.

"மரத்தக் கீறுற கைக்கு எம்பொண்ணக் குடுக்க மாட்டேங்க. எஞ்சினு தெரிஞ்ச மாப்பிள்ளையாப் பாக்குறேன்."

அதற்குச் சில நாள் முன்னால்தான் எங்கள் தோட்டத்துக்கு மேலாக ஒரு விமானம் போயிருந்தது. வெட்டுக் கத்தியோடு அண்ணாந்து நின்றவர்களை விரட்டிவிட்டுத் தானும் அண்ணாந்து நின்றவர் மாமா. அந்த நினைப்போ என்னவோ, மாமாவால் வாயை அடக்க முடியவில்லை.

"எஞ்சினோட ஒரு ஏரோப்பிளேன் செஞ்சு பறக்க விட்டாக் குடுப்பீங்களா?"

பிட்டர் சிரித்தார். "பெரட்டுக்களத்த இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி தாண்டட்டும். தாண்டுனா வெத்தல மாத்திக்கலாம். தாண்டாட்டி எம்பொண்ணு பேச்ச அதோட விட்றணும்."

பெரட்டுக்களம் என்பது காலையில் ஆள்கணக்கு எடுக்கும் மைதானம். அதைக் காக்கை தாண்டும். காகிதம் தாண்டுமா? அம்மா வழியெல்லாம் தம்பியைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

உடல் செய்வது பெரிய வேலையாக இல்லை. மூங்கில் சிம்பும், கடைவீதியில் கடைக்கார நானாவிடம் வாங்கிய பட்டக் காகிதமும் போதுமாக இருந்தன. எஞ்சின் என்றால் முறுக்கிய ரப்பர். முறுக்கு அவிழும்போது மூக்கிலுள்ள விசிறி சுழலும். ரப்பருக்கா பஞ்சம் என்று மாமா ரப்பர் ஷீட்டை உலர்த்தும் புகையறையிலிருந்து ஒரு ஷீட்டைக் கொண்டுவந்து நாடா நாடாவாக அறுத்தார். இழுத்தால் நீண்டது. விட்டால் அப்படியே தொங்கிக் கிடந்தது. மலை முழுக்க ரப்பர் மரத்தை வைத்துக்கொண்டு, கடைசியில் லொறி டிரைவரிடம் கெஞ்சி ஒரு பழைய டியூப் வாங்கி அறுக்க வேண்டியதாயிற்று.

வம்பெல்லாம் விசிறியில்தான் வந்தது. முள்முருங்கைக் கட்டையில் மாமா முதல் விசிறியைச் செதுக்கினார். முழ நீளம். அதன் சாய்வுக்கு அவர் அளவு வைத்தது எதில் தெரியுமா? பால் வடிவதற்காக மரத்தில் சரிவாகக் கோடு போட வைத்திருந்த தகரத்தில். அந்தச் சரிவைத் தவிர வேறு சரிவு உலகத்தில் இருப்பதாக அவர் நம்பவில்லை. முறுக்கேற்றி விட்டோம். விசிறி செக்கு மாடு மாதிரி அசைந்தது. அதற்குப் பதிலாக விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு குப்புற விழுந்தது.

"பெருசா இருக்கு. சின்னதாச் செதுக்குவோம்" என்று அடுத்ததைச் சாண் அளவில் செய்தார். சாய்வு அதே தகரம். அது வண்டு போல இரைந்தது. நான் எண்ணத் தொடங்கி மூச்சு விடுவதற்குள் முறுக்கு தீர்ந்துவிட்டது. விமானம் வாசலைக்கூடத் தாண்டவில்லை.

மூன்றாவது விசிறி இரண்டுக்கும் நடுவான நீளம். அதற்கும் அவர் தகரத்தை எடுத்தபோது நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, இதுல பால் வடியப்போறதில்ல. கொஞ்சம் படுக்க வச்சுச் சீவுங்க."

"எத்தன மரம் வெட்டுன கைடா இது! எனக்கே சொல்றியா?"

சொன்னாரே தவிர, சீவினார். சீவச் சீவ நான் விமானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, முறுக்கு தீரும்வரை எண்ணினேன். சீக்கிரம் தீர்ந்தால் ஆகாது. விமானம் என் கையைப் பிடித்துத் திருகினாலும் ஆகாது. கையைத் திருகாமல், முன்னால் இழுத்துக்கொண்டே எண்ணிக்கை நீண்ட இடத்தில் "போதும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்களம் நிறைந்துவிட்டது. லயக் குடியிருப்புச் சனம் முழுதும் வந்திருந்தது. பிட்டர் எதிர்க்கோடியில் கைகட்டி நின்றார். அவர் மகள், தண்ணீர் பிடிக்கும் பீலியடியிலிருந்து வந்த பெண்களோடு ஓரமாக நின்றாள். கூட்டத்தைக் கண்டதும் மாமாவுக்குப் புத்தி மாறியது. முழ விசிறியை எடுத்து மாட்டப் போனார்.

"இதுதான்டா பாக்க எஞ்சினு மாதிரி இருக்கு."

"அத மாட்டுனீங்கன்னா நா இங்கயே அழுவேன்" என்றேன். உண்மையிலேயே அழத் தொடங்கியும் விட்டேன்.

"கங்காணி, விசிறி மாத்தியே பொழுத ஓட்டிருவீங்க போல!" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு என் விசிறியை மாட்டினார். நான் முறுக்குகளை எண்ணி ஏற்றிக் கொடுத்தேன். விட்டார்.

முதலில் அது தாழ்ந்தது. ஐயோ என்று அம்மாவின் குரல் கேட்டது. பிறகு மூக்கை நிமிர்த்திக்கொண்டு ஏறியது. வரிசையாகத் தலைகள் அதன் பின்னே திரும்பின. களத்தின் நடுவைத் தாண்டியது. பிட்டரின் தலைப்பாகைக்கு மேலே போனது. களத்தோரத்துத் தண்ணீர்க் காணையும் தாண்டி, புகையறைக் கூரையில் போய் உட்கார்ந்தது. தப்பு அடிக்கிறவர் தப்பை எடுத்துவிட்டார். அம்மா திட்டியதையெல்லாம் மறந்து குலவையிட்டாள்.

பிட்டர் தானே ஏணி வைத்து ஏறி விமானத்தை இறக்கினார். விசிறியை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அப்பாவிடம் வந்து, "வெள்ளிக்கெழம வாங்க, வெத்தல மாத்திருவோம்" என்றார். அப்பா என் தலையில் கைவைத்தார். அந்தத் தோட்டத்தில் அன்று என்னைவிடப் பெரிய ஆள் துரைகூட இல்லை.

ஆனால் எனக்கு மாமாமேல் தீராத கோபம். விமானம் கூரையில் உட்கார்ந்ததும், பார்த்தீர்களா என்று கேட்கத் திரும்பினேன். மாமா வானத்தைப் பார்த்திருக்கவே இல்லை. கழுத்து வேறு பக்கம் திரும்பியிருந்தது. அந்தப் பக்கம் பிட்டர் மகளும் அண்ணாந்து பார்க்காமல், இவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க பாக்கவே இல்ல மாமா!"

"பாத்தேன்டா, பாத்தேன்."

பொய். எவ்வளவு உயரம் ஏறியது என்று கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வரை அவரோடு நான் பேசவில்லை. கைக்குழந்தைகள்கூட அண்ணாந்து பார்த்த அந்த விமானத்தை, முழுத் தோட்டத்திலும் பார்க்காமல் விட்டவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேருக்காகவா இத்தனை பாடுபட்டேன் என்று அழுகையாக வந்தது.