அசையாத முகத்திடம் ஒரு கேள்வி

"என் மூக்கையே பாருங்க சார். அசையாதீங்க."

வந்தவர் பார்க்கிறார். அவர் முகத்துக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்மணி எங்கே நிற்கிறதோ அதற்கு நேராக அவர் போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடியில் மார்க்கரால் ஒரு புள்ளி வைக்கிறாள் லென்ஸ் அக்கா. கண்ணாடிக் கடையில் அவளுக்கு அதுதான் பெயர். வலது கண்ணுக்கு வைத்தாயிற்று. இடது கண்ணுக்குப் போகும்போது கேட்கிறாள்: "என்ன படிச்சீங்க சார்? அதுக்கு இப்ப என்ன சம்பளம் வருது?"

யாரும் இந்தக் கேள்விக்குத் தப்புவதில்லை. முகத்தை ஆட்டாமல் உட்கார்ந்திருப்பவருக்குப் பொய் சொல்ல வராது என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. "பொய் சொல்றவங்க கண்ணு முதல்ல ஓரத்துக்கு ஓடும். நான்தான் ஓட விடமாட்டேனே!"

வரலாறோ தத்துவமோ இலக்கியமோ படித்தவர் வந்தால் அவள் குரல் கொஞ்சம் குழையும். அவர்களில் ஒருவர் வங்கியில் மேலாளர். இன்னொருவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்கிறார். ஓர் அம்மாள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர்; நல்ல வருமானம், ஆனால் படித்து முடித்து வருஷக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தாராம். "ஒருத்தர் ஏத்தி விடுறாரு, அடுத்தவர் இறக்கி விடுறாரு. ராட்டினம் மாதிரி இருக்கு இந்தப் படிப்பு" என்பாள்.

இத்தனை விசாரணையும் தங்கைக்காக. அப்பா போனதும் பத்தாவதோடு நிறுத்திவிட்டு அக்கா இந்தக் கடைக்கு வந்தாள். தங்கை இப்போது கல்லூரியில் வரலாறும் தத்துவமும் படிக்கிறாள். முதல் வருஷத்துக்குக் கட்டணம் கட்டியாயிற்று. இரண்டாம் வருஷத்துக்கும் கட்டுவதா, அல்லது நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக் கூடத்துப் பயிற்சியில் சேர்ப்பதா? பயிற்சி முடித்தால் கையோடு வேலை.

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் வேறு சும்மா இருப்பதில்லை. அவருடைய தம்பி கம்ப்யூட்டர் படித்தவன். "என் தம்பி எனக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் குடுத்திருக்கான்டி. கேக்கவே இல்ல, தானா வாங்கிட்டு வந்து நிக்கிறான்."

அக்காவுக்கு வயிறு எரியும். "துணியையும் அவனே காயப் போடுவானா?" என்று கேட்டுவிட்டு, லென்ஸின் விளிம்பைத் தேய்க்கும் சக்கரத்தை ஓட விடுவாள். அந்த இரைச்சலில் அடுத்த பெருமை காதில் விழாது.

கட்டணத்துக்குக் கடைசி நாளன்று மதியம், பதில் கேட்கத் தங்கை வந்தாள். கூடவே இரண்டு சிநேகிதிகள். அக்காவிடம் ஆள் இருந்ததால் மூவரும் வாசல் படியிலேயே நின்று பேசினார்கள். ஜெயித்தவன் எழுதி வைத்ததை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சண்டை. யாராவது கதவைத் திறக்கும்போதெல்லாம் தங்கையின் குரல் உள்ளே வந்தது. "அப்ப எழுதாம விட்டதெல்லாம் எங்கடி போச்சு? அதைத் தேடாம என்னத்த வரலாறு?" கையை வீசினாள், ஒருத்தியின் தலையில் தட்டினாள், மூன்று பேரும் சிரித்தார்கள்.

அக்கா சக்கரத்தை நிறுத்தினாள். இந்தக் குரலை அவள் வீட்டில் கேட்டதே இல்லை. வீட்டில் அவளுக்கு வாய்ப்பதெல்லாம், "சாப்பிட என்னக்கா இருக்கு?", "என் நீலச் சட்டை காஞ்சிடுச்சா?" இவ்வளவுதான். வாஷிங் மெஷினுக்கு எரிந்தது வெறும் பொறி. இது அடுப்பு.

"உள்ள வாடி. டாக்டர் கண்ணாடி எழுதிக் குடுத்தாரே, அளவு எடுக்கணும். உக்காரு."

ஃபிரேமை மாட்டினாள். "என் மூக்கைப் பாரு. படிச்சு முடிச்சா என்ன சம்பளம் வரும்?"

"தெரியாதுக்கா."

"தெரியாமலா படிக்கிற?"

"நீ நிறுத்தச் சொன்னா நிறுத்திடறேன். வேலைக்குப் போறேன், சம்பாதிச்சும் குடுக்கறேன். ஆனா..." தங்கையின் பார்வை கதவுப் பக்கம் போனது. "கொஞ்ச நாள்ல அவங்க பேசறது எனக்குப் புரியாமப் போயிடும். பக்கத்துல நின்னாலும் தனியா நிக்கிற மாதிரி இருக்கும்க்கா."

அக்கா புள்ளியை வைத்தாள். சற்று விலகிப் பார்த்தாள். புள்ளி கண்ணின் நடுவில் இல்லை. கதவுப் பக்கமாகத் தள்ளி விழுந்திருந்தது. தங்கையின் கண் போன பக்கமே இவள் கையும் போயிருக்கிறது. ஒருநாளும் அவளுக்கு இப்படித் தப்பியதில்லை. ஸ்பிரிட்டைத் தொட்டு அழுத்தித் துடைத்தாள்.

"மூக்கைப் பாருன்னா மூக்கைப் பாரு. ஏன், என் மூக்குக்கு என்ன குறைச்சல்?"

தங்கை சிரித்துக்கொண்டே பார்த்தாள். இந்த முறை புள்ளி சரியாக விழுந்தது.

அக்கா செல்போனை எடுத்துக் கட்டணத்தைக் கட்டினாள். "கட்டிட்டியா? இதுக்கு என்னடி வந்துடும்?" என்று கல்லாவிலிருந்து கேள்வி வந்தது.

"வர்றப்ப வரட்டும்மா. அது வரைக்கும் துணியைக் கையாலயே துவைச்சுக்கறோம்."

கட்டிப்பிடிக்க வந்த தங்கையின் பையிலிருந்து புத்தகத்தை உருவினாள். "வாசல்ல சண்டை போட்டீங்களே, இதுல இருக்கறதுக்குத்தானே?"

"ஆமா. ஏன்க்கா?"

"இது என்கிட்ட இருக்கட்டும். நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் அதுங்ககிட்ட இதைப் பத்தி வாயைத் திறக்காதே."

"கஷ்டமா இருக்கும்க்கா, உனக்கு..."

"புரியலைன்னா உன்னைத்தான் கேப்பேன். சொல்லு. அதுங்களுக்குச் சொல்ல மட்டும் நேரம் இருக்கா?"

தங்கை போன பிறகு முதல் பக்கத்தைத் திறந்தாள். ஓரத்தில் பென்சிலால், தங்கையுடையதல்லாத கையெழுத்தில், "நீ சொன்னதுதான் சரி, ஒத்துக்கிறேன்" என்று எழுதியிருந்தது. வாசலில் நின்ற சிநேகிதிகளில் ஒருத்தியாகத்தான் இருக்கும். அக்கா அதை மறுபடியும் ஒருமுறை படித்தாள். பிறகு மேஜை இழுப்பறையில் ரப்பரைத் தேடி எடுத்து, தாள் கசங்காமல், எழுத்து எழுத்தாக அழித்தாள். துகளை ஊதிவிட்டு, முதல் வரியில் விரலை வைத்தாள்.