பார்கவி வீட்டுக் கதவு

பார்வதியின் இடது காது மடல் இரண்டாகக் கிழிந்திருக்கும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், போபோடி குடிசைப் பகுதியின் குழாயடிச் சண்டையில் பக்கத்து வீட்டுப் பார்கவி கம்மலோடு பிடித்து இழுத்த இழுப்பு அது. பதிலுக்குப் பார்வதி அவள் முன்பல்லை உடைத்தாள். அன்றோடு பேச்சு அறுந்தது. கணவனைப் பறிகொடுத்து, கேன்டீனில் பாத்திரம் தேய்த்து மகளைக் கரையேற்றிய பார்வதிக்கு, அந்தக் காதுதான் ஆறாத வடு.

அந்த ஏப்ரல் மதியம் தண்டவாளத்துக்கு அப்பாலிருந்த காய்ந்த புல்காட்டில் எவனோ குப்பையைக் கொளுத்தினான். காற்று திரும்பியது. தீ வெறிநாய் போலச் சந்துக்குள் பாய்ந்தது. தகரக் கூரைகள் படபடவென்று வெடித்தன. "நிகலோ! நிகலோ!" என்று வெளியேறச் சொல்லித் தீயணைப்புக்காரர்கள் கதவு கதவாக இடித்தார்கள். சனம் சிலிண்டர்களை உருட்டிக்கொண்டு ஓடியது.

பார்கவி மட்டும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"கதவைத் தொறடி!" என்று பார்வதி அலறினாள்.

"போடி! அன்னிக்கு வெள்ளம்னு சொல்லி எல்லாரையும் ஸ்கூலுக்கு அனுப்புனாங்களே, திரும்பி வந்தப்ப எங்கக்கா வீடு இருந்துச்சா? ஜேசிபி வுட்டு இடிச்சுட்டானுங்க. நான் நகர மாட்டேன்!"

"வெந்துடுவடி!"

"வெந்தா உனக்குத்தான் ஜாலி! குழாய் பூரா உனக்கே!"

பார்வதி வாசலில் கிடந்த கடப்பாரையைத் தூக்கினாள். மூன்றாவது அடியில் கதவு பிளந்தது. புகைக்குள் கட்டில் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள் பார்கவி. இழுத்த கையைக் கடித்தாள், ரத்தம் கொட்டியது. பார்வதி பளாரென்று அறைந்து, தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து, தரையில் தரதரவென்று இழுத்தாள். இருவரும் வாசலைத் தாண்டியதும் கூரை மொத்தமாக உள்ளே சரிந்தது.

"என் இடம் போச்சேடி, பாவி!" பார்கவி வெறிகொண்டு அவள் முகத்தில் குத்தினாள். உதடு கிழிந்தது. இந்த முறை பார்வதி திருப்பி அடிக்கவில்லை.

சாயங்காலம் தீ அணைந்தது. வீடிழந்தவர்களுக்குச் சோறு போட்ட பள்ளிக்கூடத்துக்குச் சந்தே போனது. பார்வதி, பாதி எரிந்த தன் வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல், பார்கவி வீட்டின் சூடான சாம்பலில் ஈரச் சாக்கை விரித்து, கடப்பாரையை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

"இங்க என்னடி பண்ற?" என்றாள் பார்கவி.

"நீ போய்ச் சாப்பிடு. எவன் இடிக்க வந்தாலும் என்னைத் தாண்டித்தான் வரணும்."

பார்கவி போகவில்லை. தான் கடித்த கையைப் பார்த்தாள். கண்கள் பொங்கின.

"தள்ளி உக்காருடி" என்று, கிழிந்த காதுப் பக்கமாக வந்து சாக்கில் ஒண்டிக்கொண்டாள்.