சிம்னிக்குள் அடைத்த போர்வை

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பழைய வீட்டில், பாவிக்காத ஃபயர்பிளேஸ்தான் எங்கள் சாமியறை. சிம்னி வழியே இறங்கும் குளிர்காற்று, அங்கே ஏற்றும் விளக்கை அடிக்கடி அணைத்துவிடும். அப்போது யாழ்ப்பாணத்தில் மனைவியின் அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தார். எங்கள் அகதி வழக்கு முடியாததால் போக வழியில்லை. விளக்கு நூரும் போதெல்லாம், அக்காவுக்கு ஏதோ நடக்கப்போகிறதென்று மனைவி அழுதபடி ஊருக்குப் போன் எடுப்பாள்.

சிம்னியைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டதற்கு வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. பழைய போர்வைகளைச் சுருட்டி, சிம்னிக்குள் உயரத்தில் இறுக்கி அடைத்தேன். சுடர் அசையவில்லை.

"பாத்தியே? வெறும் காத்துத்தான்" என்றேன்.

"விளக்கு நிண்டு எரியுது. அக்காவோட நாளைக்குக் கதைப்பம்" என்றவள், பல நாட்களுக்குப் பின் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை ஊரிலிருந்து போன் வந்தது. அக்கா போய்விட்டார்.

மனைவி அழவில்லை. நேராக எரிந்துகொண்டிருந்த சுடரையே பார்த்தாள்.

"நீங்கள் அடைக்காமல் விட்டிருந்தா, நேற்று அவவோட கதைச்சிருப்பன்."

போர்வைகளை இழுத்தெடுத்தேன். குளிர் இறங்கியது, விளக்கு நூர்ந்தது.

அதன்பின் அவள் விளக்கு ஏற்றுவதில்லை. காற்று மட்டும் இன்னும் வருகிறது.